பேரனுக்கு ஒரு தேர்

விண்ணப்பம் போடாமல், பரீட்சை எழுதாமல், யாருடைய சிபாரிசும் பிடிக்காமல் மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய பதவி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுதான் தாத்தா பதவி. சம்பளம் கிடையாது என்பது வாஸ்தவமே. ஆனால் பொறுப்பும் கிடையாது என்று எண்ணி நாம் அந்தப் பதவியை மிகுந்த உற்சாகத்துடன் ஏற்றுக்கொண்டோம். பொறுப்பு இருக்கிறது என்பதும், அது நான்கு சக்கரங்களின் மேல் உருண்டு வரும் என்பதும் எட்டு மாதம் கழித்துத்தான் நமக்குத் தெரிந்தது.

நாம் வசிப்பது மாதவரத்தில், பால்பண்ணைக்குச் சற்றுத் தூரத்தில். பிரசவத்துக்கு வந்த நமது பெண், வீட்டிலிருந்தபடியே உத்தியோகம் பார்க்க அனுமதி கிடைத்ததால், குழந்தையுடன் நம்மோடேயே இருந்தாள். ஒரு நாள் மாலை அவள் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, "அப்பா! நான் இந்தத் தெருமுனையைத் தாண்டி எத்தனை நாள் ஆயிற்று, தெரியுமா?" என்று கேட்டாள்.

நாம் யோசித்துப் பார்த்தோம். குழந்தைக்கு ஊசி போடுவதற்காக ஆட்டோவில் போய் வந்ததைத் தவிர, அவள் வெளியே போனதாகவே ஞாபகம் வரவில்லை.

"குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வருவதுதானே?" என்றோம்.

"பையன் எட்டரைக் கிலோ, அப்பா. வயிற்றில் தையல் போட்ட உடம்பு. கால் மைல் நடப்பதற்குள் முதுகு விட்டுப் போகிறது. ஒரு தள்ளுவண்டி வாங்கினால் என்ன?"

இந்த இடத்தில் நமது தேசபக்தி விழித்துக்கொண்டது. தள்ளுவண்டியாவது! பெரம்புலேட்டர் என்பது வெள்ளைக்காரத் துரைசானிகளின் சமாசாரம் அல்லவா? நம் ஊர் ஆயாமார்கள் பெற்ற பிள்ளையைக் குடிசையில் விட்டுவிட்டுத் துரை வீட்டுப் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன காலத்தை மறக்கலாமா? இப்படியெல்லாம் ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டு, "நம் தேசத்துத் தாய்மார்களுக்குப் பகவான் இடுப்பைக் கொடுத்திருக்கிறார். இடுப்பு இருக்கும்போது இரும்பு எதற்கு?" என்று முடித்தோம்.

முடித்த விதம் நமக்கே மிகவும் திருப்தியாக இருந்தது. ஆனால் சமையலறையிலிருந்து நமது இல்லாள் வெளியே வந்தாள்.

"இடுப்பு, இடுப்பு என்கிறீர்களே, அது யாருடைய இடுப்பு?" என்று கேட்டாள். "நான் மூன்று பிள்ளைகளைச் சுமந்தேன். இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. உங்கள் இடுப்பில் ஒரு நாளாவது ஒரு பிள்ளை உட்கார்ந்தது உண்டா?"

நாம் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததுதான் காரணம். ஸ்திரீகளின் இடுப்பைப் பற்றிப் புருஷர்கள் பாரம்பரியப் பெருமை பேசுவது, பிறத்தியார் பணத்தில் தர்மம் செய்வதைப் போன்றது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

*

வண்டி வாங்குவது என்று முடிவான பிறகு, அதன் பூர்வோத்தரத்தை விசாரிப்பது நம் வழக்கம். விசாரித்ததில் நமது தேசபக்திக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது.

சங்க காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில் சிறு பிள்ளைகளின் மூன்று சக்கரத் தேர் ஒன்று வருகிறது. குதிரை பூட்டாத அந்தத் தேரைப் பிள்ளைகள் தாமே உருட்டிக்கொண்டு போகிறார்கள். முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அந்தப் பொற்குழை சக்கரத்தின் முன் கிடந்து தேருக்குத் தடையாகிறது. அந்த நகரத்தில் தேருக்கு வேறு இடையூறே கிடையாது என்பது புலவரின் பெருமிதம். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடியவர்களும் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர் என்றே பெயர் வைத்தார்கள். நடைவண்டி பிடித்து நடை பழகாத தமிழ்க் குழந்தை நேற்றுவரை ஏது? ஆகவே சக்கரம் நமக்குப் புதிதல்ல. குழந்தை தள்ளும் வண்டி நம்முடையது. குழந்தையைத் தள்ளும் வண்டி மட்டுமே அவர்களுடையது.

அவர்களுடைய வண்டியின் கதையும் சுவாரஸ்யமானதுதான். 1733-ம் வருஷம் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்ற கட்டடச் சிற்பி டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காகக் கிளிஞ்சல் வடிவத்தில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதை இழுத்தது தாயும் அல்ல, ஆயாவும் அல்ல. ஆட்டையோ மட்டக் குதிரையையோ பூட்டி ஓட்டும்படி அமைந்த வண்டி அது. பிறகு 1889-ல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்ஸன் என்ற நீக்ரோ வகுப்பினர் — இன்று ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று மரியாதையாகச் சொல்லுகிறோம் — குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும்படி இருக்கையைத் திருப்பிக்கொள்ளக் கூடிய வண்டிக்கு உரிமை பெற்றார். பிள்ளை தன் தாயைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற எண்ணம், பிரபுவின் மாளிகையிலிருந்து வராமல், ஒடுக்கப்பட்ட ஜனசமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து வந்தது கவனிக்கத் தக்கது.

மூன்றாவது ஆள் ஓவன் மக்லாரன். யுத்த காலத்தில் ஸ்பிட்பயர் ஆகாய விமானத்தின் தரையிறங்கு சக்கரங்களில் வேலை செய்த இன்ஜினீயர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, நம்மைப் போலவே தாத்தா பதவியில் அமர்ந்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் கனமான வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்தார். நாம் பிரசங்கம் செய்தோம். அவர் பட்டறைக்குப் போனார். 1965-ல் அவர் உரிமைக்கு மனுப் போட்ட அலுமினிய வண்டி ஏறக்குறைய ஆறு பவுண்டு எடைதான். குடையைப் போல மடங்கிக் கொள்ளும். இன்று உலகத்தில் மடக்கு வண்டி தள்ளும் தாய்மாரெல்லாம் அந்தக் கிழவருக்குக் கடன்பட்டவர்கள்.

*

பக்கத்து வீட்டுக்காரரின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த வண்டி அவர்கள் வீட்டு மாடிப்படியின் கீழே தூங்கிக்கொண்டிருந்தது. "முதலில் இதை ஓட்டிப் பாருங்கள், பிறகு வாங்கலாம்" என்று அவர் அன்புடன் கொடுத்தார். மெத்தை என்ன, மினுமினுப்பு என்ன, காப்பிக் கோப்பை வைக்க ஒரு கிண்ணி என்ன! நமது பேரனை அதில் உட்கார வைத்ததும், சாக்ஷாத் ஒரு சமஸ்தானாதிபதியைப் போல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டான்.

சவாரி சரியாக முப்பது கஜம் நடந்தது. முப்பத்தோராவது கஜத்தில் மழைநீர்க் கால்வாயின் மூடி. அதன் இடுக்கில் முன் சக்கரம் ஒன்று புகுந்துகொண்டது. நாம் தள்ளுகிறோம், வண்டி நிற்கிறது. நிற்பதோடு இல்லாமல் முன்பக்கம் சாய்கிறது. பேரனுக்கு வார் போட்டிருந்தோமோ, பிழைத்தோமோ! இல்லாவிட்டால் சமஸ்தானாதிபதி தரையில் முடிசூட்டிக்கொண்டிருப்பார். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் பன்னிரண்டு கிலோ. அதையும் அவனையும் சேர்த்து ஆறு படி ஏற்றுவது பயில்வான்கள் செய்ய வேண்டிய காரியம்.

சிங்கப்பூர் வண்டியின் மேல் குற்றம் இல்லை. அது பழகியது வழவழப்பான நடைபாதை; மாதவரத்து மண்ணின் குணம் அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே வண்டி பார்ப்பதற்கு முன்னால் வழி பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தோம்.

மறுநாள் காலை அங்குல டேப்பை எடுத்துக்கொண்டு, பெண் தினமும் போக விரும்பும் வழியெல்லாம் நடந்தோம். அவள் ஆசை ஒன்றும் பெரிதல்ல. பால்பண்ணைப் பக்கம் தோட்டக்கலைத் துறையார் 2018-ல் திறந்த பூங்கா, மருந்துக் கடை, பஸ் நிறுத்தம், சிநேகிதி வீடு — இவ்வளவுதான். இந்திய ரோடு காங்கிரஸார் 2012-ல் வெளியிட்ட விதிகளின்படி நடைபாதையில் நடப்பதற்குத் தடையற்ற அகலம் குறைந்தபட்சம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நாம் அளந்த இடங்களில் ஒரு நடைபாதை முழங்கால் உயரம் இருந்தது. இன்னொன்று நல்ல அகலந்தான். ஆனால் அந்த அகலத்தில் ஒரு மின்சாரப் பெட்டியும், ஒரு டீக்கடைப் பெஞ்சியும், மூன்று மோட்டார் சைக்கிள்களும் சௌக்கியமாகக் குடியிருந்தன. மூன்றாவது நடைபாதை மெட்ரோ ரயில் வேலையின் தகரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

காவிரிப்பூம்பட்டினத்தில் தேரைத் தடுத்தது தங்கக் குழை. இங்கே தடுப்பவற்றை எண்ணுவதற்கே ஒரு புலவர் வேண்டும்.

*

இவ்வளவு ஞானமும் பெற்ற பிறகே புரசைவாக்கத்துக் கடை ஒன்றுக்குக் குடும்ப சகிதம் போனோம். கடைப் பையன் முதலில் காட்டியது துணியின் நிறம். நாம் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைக் காட்டச் சொன்னோம். அவன் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் வண்டி வாங்கப் போகும் நேயர்களுக்கு நாம் சொல்லும் முதல் யோசனை அதுதான்: மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். சக்கரம் சிறிதானால் சிறு கல்லும் மலையாகும். உள்ளங்கை அகலச் சக்கரம் கடைத் தரையில் பம்பரமாய்ச் சுழலும். தெருவில் பல்லியைப் போல் ஒட்டிக்கொள்ளும். விட்டம் பெரிதாக, ரப்பர் போன்ற மென்மையான விளிம்பு உள்ளதாகப் பார்க்க வேண்டும். முன் சக்கரங்கள் நாலா பக்கமும் திரும்புவதோடு, கரடுமுரடான இடத்தில் நேராகப் பூட்டிக்கொள்ளவும் வசதி இருக்க வேண்டும்.

இரண்டாவது, எடை. வண்டி ஆறு ஏழு கிலோவுக்கு மேல் போனால், பிள்ளையை ஒரு கையிலும் வண்டியை மறு கையிலும் பிடித்து மாடி ஏறுவது நடவாத காரியம். மடக்கிப் பார்க்க வேண்டியது கடைப் பையன் அல்ல, தாய். நமது பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு கையால் மடக்கிப் பார்த்தாள். ஐந்து வண்டிகளில் மூன்று அந்தப் பரீட்சையில் தோற்றன.

மூன்றாவது, வார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவே ஒன்று என்று ஐந்து முனைகளில் பிடிக்கும் வார்தான் வேண்டும். இடுப்பை மட்டும் பிடிக்கும் வாரிலிருந்து எட்டு மாதப் பிள்ளை எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். கால்வாய் மூடியின் அருகே நமது பேரனைக் காப்பாற்றியது ஐந்து முனை வாரே.

நான்காவது, வயது. கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையைச் சாய்ந்து உட்காரும் வண்டியில் வைக்கக்கூடாது. தலை முன்னால் தொங்கினால் மூச்சு தடைப்படும். முழுதும் படுக்கும்படி விரியும் வண்டியே அந்தப் பருவத்துக்கு ஏற்றது. உட்காரும் வண்டிக்கு ஏறக்குறைய ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எத்தனை கிலோ வரை தாங்கும் என்றும் சீட்டில் பார்க்க வேண்டும். ஐரோப்பியர்களின் 1888 என்ற தரவிதி 15 கிலோ வரை ஒரு வகையாகவும், 22 கிலோ வரை மற்றொரு வகையாகவும் பிரித்திருக்கிறது.

ஐந்தாவது, மடங்கும் மூட்டுக்கள். 2009-ல் அமெரிக்காவில் பெயர்பெற்ற கம்பெனி ஒன்று சுமார் பத்து லக்ஷம் வண்டிகளுக்கு மூட்டு உறை கொடுக்க நேர்ந்தது. வண்டியை விரிக்கும்போது குழந்தைகளின் விரல் நுனி மூட்டில் அகப்பட்டுத் துண்டான சம்பவங்களே காரணம். ஆகையால் வண்டியை விரித்துப் பூட்டிய பிறகு குழந்தையை அருகே கொண்டுவர வேண்டும். மடக்குவதற்கு முன் குழந்தையை அப்பால் வைக்க வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை. ஞாபகம் ஒன்றுதான் செலவு.

கடைசியாக, கைப்பிடி. கறிகாய்ப் பையைக் கைப்பிடியில் மாட்டுவது நம்மவருக்கு இயற்கை. ஆனால் பிள்ளையைத் தூக்கிய மறுகணம் வண்டி மல்லாந்து விழும். சில சமயம் பிள்ளை இருக்கும்போதே விழும். பாரம் சீட்டுக்கு அடியிலுள்ள கூடையில்தான் இருக்க வேண்டும். காப்பிக் கிண்ணியைப் பற்றி இல்லாளின் அபிப்பிராயம் கேட்டோம். "தள்ளுகிறவளுக்கு இரண்டு கையும் வேண்டும். காப்பி வீட்டில் குடிக்கலாம்" என்று தீர்ப்பாயிற்று.

இறுதியில் வாங்கியது ஆறரைக் கிலோ எடையுள்ள சாம்பல் நிற வண்டி. பார்ப்பதற்குப் பரம சாது. கடையிலிருந்த அழகிகளில் எல்லாம் அவலட்சணமானது என்றே சொல்லலாம். ஆனால் சக்கரங்கள் உண்மையானவை.

*

வண்டி வந்த பிறகும் நாம் கற்க வேண்டியவை இரண்டு இருந்தன.

ஒன்று வெயில். முதல் நாள் வெயில் சுள்ளென்று அடிக்கவே, பாட்டி தன் பழைய வேட்டித் துணியைக் கொண்டுவந்து வண்டியை மூடினாள். இது அன்பினால் செய்யும் பிழை. 2023-ல் ஆஸ்திரேலியாவில் ஸிட்னி சர்வகலாசாலையார் சோதித்துப் பார்த்ததில், உலர்ந்த மெல்லிய துணியால் மூடினால் வண்டிக்குள் சூடு வெளியைவிட ஏறுகிறது என்றும், துணியை நனைத்துப் போட்டு ஒரு சிறு விசிறியும் வைத்தால் சூடு இறங்குகிறது என்றும் கண்டார்கள். நம் முன்னோர் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த தத்துவமே அது. இருந்தாலும் சித்திரை வெயிலில் சிறந்த உபாயம் வெளியே போகாமல் இருப்பதே. காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டுக்குள் வீடு திரும்புவது என்று நியமம் வைத்துக்கொண்டோம்.

மற்றொன்று புகை. மாதவரம் எப்படிப்பட்ட ஊர் என்று பட்டணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோடு, இன்னொரு பக்கம் மணலி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராவும் பகலும் யானைக் கூட்டம் போல் போய்க்கொண்டிருக்கின்றன. தேசத்தின் வியாபாரம் நடக்க வேண்டியதுதான், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் சாலை ஓரத்தில் நின்றபோது, தற்செயலாகக் குனிந்து பேரனின் மூக்கு மட்டத்தில் நம் மூக்கை வைத்துப் பார்த்தோம். நேயர்களே, அது வேறு உலகம்! வண்டியில் இருக்கும் குழந்தையின் முகம் தரையிலிருந்து சுமார் இரண்டு மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. பல வாகனங்களின் புகைக்குழாய் ஊதுவதும் ஏறக்குறைய அதே மட்டத்தில்தான். இங்கிலாந்தில் சர்ரே சர்வகலாசாலையில் பேராசிரியர் பிரசாந்த் குமார் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வண்டியில் போகும் குழந்தை, பெரியவர்களைவிட 44 சதவிகிதம் வரை அதிகமாக நுண்துகள்களைச் சுவாசிக்க நேரலாம் என்று கண்டார்கள். நாம் இருமுவதற்கு முன்னால் அவன் அதிகமாகக் குடித்துவிடுகிறான்.

இதற்குக் கடையில் பரிகாரம் கிடையாது. வழியை மாற்றுவதே பரிகாரம். பெரிய சாலையை விட்டுவிட்டு, உள்தெருக்கள் வழியாகச் சுற்றிப் பூங்காவுக்குப் போகிறோம். எட்டு நிமிஷம் அதிகம். வேப்ப மரங்கள் நான்கு அதிகம். சாலையைக் கடக்க நிற்கும்போது வண்டியை விளிம்பிலிருந்து நாலடி பின்னால் இழுத்து நிறுத்துகிறோம்.

*

நாம் சொல்ல வந்த விஷயம் வண்டி மட்டும் அல்ல. நல்ல வண்டியைக் காசு கொடுத்து வாங்கலாம். நல்ல தெருவை வாங்க முடியாது. அதை ஊரார் சேர்ந்துதான் பெற வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-ல் ஏற்றுக்கொண்ட கொள்கையில், போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவிகிதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிடப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, தக்க நடைபாதை கேட்பது பிரஜையின் ஜீவாதார உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது. 2024 முதல் நகரத்தில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பஸ்களில் வண்டியைத் தூக்காமலே ஏற்றிவிட முடிகிறது. சக்கர நாற்காலிக்காரர்கள் கோர்ட்டு வரை போய்ப் போராடியதன் பலனை நமது பேரன் அனுபவிக்கிறான். அவர்களுக்கு உதவும் சரிவு குழந்தைக்கும் உதவும். கைத்தடி ஊன்றும் கிழவருக்கும் உதவும். நாமும் அந்த வகுப்பில் சேரும் நாள் தூரத்தில் இல்லை.

சுயராஜ்யத்தை அளப்பதற்குப் பலர் பல அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இரண்டரை அடி உயரத்தில் மூக்கு இருக்கும் ஒரு பிரஜை, தன் வீட்டு வாசலிலிருந்து பூங்கா வரையில், யாரும் தூக்காமல், புகை குடிக்காமல் போய் வர முடிகிறதா? நமது அங்குல டேப்புக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

சென்ற வாரம் ஒரு நாள் நமக்கு ஜலதோஷம். பெண் தனியாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இல்லாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் தெருமுனையில் சக்கரச் சத்தம் கேட்டது. பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். பெண்ணின் முகத்தில், கல்லூரிக்குப் போன நாட்களில் பார்த்த ஒரு தெளிவு.

"சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டு மருந்துக் கடைக்கும் போனேன், அப்பா. ஒருவரையும் துணைக்குக் கூப்பிடவில்லை" என்றாள். பிறகு ஞாபகம் வந்தவள் போல், "அந்த டீக்கடைக்காரர் இருக்கிறாரே, வண்டிச் சத்தம் கேட்டதும் தாமே பெஞ்சியை உள்ளே இழுத்துப் போட்டார்" என்றாள்.

மறுநாள் நாம் போனபோது பெஞ்சி உள்ளேயேதான் இருந்தது.